பாவாடையில் நிற்காத பந்து

12-7-1974, வெள்ளி

அரூர் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராக வந்ததிலிருந்து சாப்ட்பால் பெண்களோடு எனக்குச் சண்டையே பாவாடையால்தான். தரையோடு உருண்டு வரும் பந்துக்கு, நின்ற இடத்திலேயே பாவாடையை விரித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பந்து வந்து துணியில் விழுவதற்குள் அடித்தவள் ஓடிப்போய் அடுத்த கட்டமான பேஸைத் தொட்டிருப்பாள். இன்று எல்லோரையும் பாவாடையை இழுத்துச் செருகச் சொன்னேன். "பந்து வர்ற வரைக்கும் நிக்காதீங்கடி. எதிர்ல ஓடிக் குனிஞ்சு எடுங்க. கடைசி வரைக்கும் கண்ண மூடக் கூடாது" என்று கத்தினேன்.

ஒன்பதாம் வகுப்பு முனியம்மாள் மட்டும் சொன்னபடியே ஓடி வந்தாள். நான் அடித்த பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி அவள் இடது கண்ணில் மோதியது. நேற்றே கல் பொறுக்க வைத்திருக்க வேண்டும். தூறல் விழுந்ததால் விட்டுவிட்டேன்.

கண் முழுக்க வீங்கி மூடிவிட்டது. வீக்கம் வடிந்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும், காலையில் கூட்டி வாருங்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கண்ணு தெரியுமுங்களா டீச்சர்?"

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

கிளம்பும்போது முனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கண்ண மூடவே இல்லீங்க டீச்சர். கடைசி வரைக்கும் பந்தத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

பந்து எகிறியதும் கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.