இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

சென்னை
20-1-1982

அன்புள்ள மதலேன் அக்காவுக்கு,

தங்கை செலின் எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகந்தானே? பொங்கலுக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. காரணம் நல்ல காரணம்.

ஒன்பது வருஷமாக யாரோ எழுதிக்கொடுத்த ஆட்டப் பாட்டுகளை ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு பாடினேன். ஊரெல்லாம் பேர் வந்தது. இப்போது கம்பெனியில் ஒரு இசைத்தட்டை முழுக்க என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். எட்டுப் பாட்டும் நானே எழுதி மெட்டுப் போட்டவை. டிரம்ஸ் கிடையாது. கில்பர்ட்டின் கிட்டாரும் ஒரு வயலினும் மட்டும். முதல் பாட்டில் நடுவே குரல் உடைந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றார்கள். இருக்கட்டும், அதுதான் என் குரல் என்று சொல்லிவிட்டேன். முன்பானால் அழுதிருப்பேன்.

இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு நம் காசம்மாளுக்கு. கரும்புக் கொல்லையில் என்னோடு பாடிக்கொண்டே காய்ந்த சோகைத் தாளை உரித்தவள், பதினெட்டு வயதில் கிணற்றில் கிடந்தாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊர் சொல்லி முடித்தது. நீ எனக்கு மட்டும் சொன்ன விஷயத்தைப் பதினேழு வருஷமாக விழுங்கிவைத்திருந்தேன். இப்போது பாட்டாக வந்துவிட்டது. பேரும் இல்லை, ஊரும் இல்லை. பயப்படாதே.

அன்புத் தங்கை,
செலின் மேரி


காட்டேரிக்குப்பம்
3-2-1982

அன்புத் தங்கை செலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். லூசிக்கு மே மாதம் மாதா கோயிலில் புதுநன்மை, முதல் அப்பம் வாங்கப்போகிறாள். வெள்ளை கவுன் சித்திதான் வாங்கித் தரவேண்டும் என்று பிடிவாதம். உனக்குத் தனியாக இசைத்தட்டு என்றதும் உன் மாமா டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அந்தப் பாட்டை எடுத்துவிடு, செலின்.

அதில் என்ன எழுதியிருக்கிறாய்? வளையலைப் பற்றி எழுதினாயா? அன்றைக்கு அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் நான். சுப்புராயன் அவள் கையைப் பிடித்து கிணற்றடி மோட்டார் கொட்டாய்க்குள் இழுத்துப்போனதைப் பார்த்துவிட்டுக் கரும்புக்குள் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் போடவில்லை. அவன் போன பிறகு எட்டிப் பார்த்தால் அவளைக் காணோம், தரையில் சிவப்பு வளையல் துண்டுகள்தான் இருந்தன. சாயங்காலத்துக்குள் அவன் பெருக்கித் தள்ளிவிட்டான். அந்தத் துண்டுகள் அவனுக்கும் எனக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு அவர் பெரிய மனுஷன். நாங்கள் பயிர் வைப்பது அவர் நிலத்தில். தண்ணீர் விடுவதும் அதே மோட்டார்தான். உனக்கு வேறு ஏழு பாட்டு இருக்கிறது.

உன் அக்கா,
மதலேனாள்


சென்னை
20-2-1982

அக்கா,

உன் கடிதம் வந்தபோது இசைத்தட்டு அச்சாக இன்னும் பத்து நாள் இருந்தது. நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பாட்டு இல்லாவிட்டால் மற்ற ஏழும் வெறும் அலங்காரம். இத்தனை வருஷமும் குரலை வைத்து நடித்தேன். இந்த ஒன்றில்தான் நடிக்கவில்லை. பதிவு முடிந்ததும் கில்பர்ட் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நீ கேட்டாயே, வரி இதுதான்:

'வளையல் துண்டு கொட்டாயில
வளையல் போட்டவ கிணத்துல'

சினிமாப் பாட்டுக்கு நடுவே இதை யார் உற்றுக் கேட்கப்போகிறார்கள்? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கவுன் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

செலின்


காட்டேரிக்குப்பம்
8-4-1982

செலினுக்கு,

உற்றுக் கேட்டுவிட்டார்கள்.

பங்குனித் திருவிழாவில் ரேடியோ செட்டுக்காரன் நம்மூர்ப் பெண் பாட்டு என்று உன் இசைத்தட்டையே இரண்டு நாளும் போட்டான். மறுநாள் காலை சுப்புராயன் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வாசலை மிதித்ததில்லை. நாற்காலி போட்டேன். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இன்னா மதலேனா, தங்கச்சி பெரிய ஆளாயிடுச்சி. நல்லாத்தான் பாடுது. அந்த வளையல் துண்டு சமாச்சாரம் அதுக்கு யாரு சொன்னது?"

"எனக்கு இன்னா தெரியும்ங்க. மெட்ராஸ்ல எவனாவது எழுதிக் குடுத்திருப்பான்."

"மெட்ராஸ்காரனுக்கு எங்க கொட்டாய் எப்படித் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு லூசியைக் கிட்டே கூப்பிட்டு, எத்தனாவது படிக்கிறே, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாப் போறே, கூட யாரு வருவாங்க என்று விசாரித்தார். அவளும் எல்லாம் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் கழனிக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்கிறார்கள். பக்கத்துக் கழனிக்குப் பாய்கிறது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. உன் மாமா இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறார், ஏன் என்று நான் கேட்பதில்லை.

நேற்று காசம்மாளின் அம்மா சின்னபொண்ணு வந்து வாசலிலேயே நின்றாள். "அந்தப் பாட்டு என் பொண்ணுதானே? நீ பாத்தியா, மதலேனா?" என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதலேனாள்


சென்னை
13-4-1982

அன்பு அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு கச்சேரியை ரத்து செய்தேன். கம்பெனியில் இசைத்தட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். பத்திரிகைகளெல்லாம் செலின் மேரி இப்போதுதான் பாடகி ஆனாள் என்று எழுதுகின்றன, இந்தச் சமயத்தில் நிறுத்துவதா என்று சிரித்தார்கள்.

உன் பதில் கிடைத்ததும் நான் புறப்பட்டு வருகிறேன். கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தது நான்தான் என்று எழுதிக்கொடுக்கிறேன். உன் பேரே வராது. வரும் கோபம் என்மேல் வரட்டும். லூசியைத் தனியாக எங்கும் அனுப்பாதே.

செலின்


காட்டேரிக்குப்பம்
26-4-1982

செலினுக்கு,

நீ வரவேண்டாம். நீ பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் நாலு கேள்வியில் உடைந்துபோகும். பிறகு காசம்மாளுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானே சின்னபொண்ணு வீட்டுக்குப் போனேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. "பதினேழு வருஷம் எதிர் வூட்லயே இருந்தியேடி" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் புதுச்சேரி போய்ப் பெரிய போலீஸ் அதிகாரியிடம் எழுதிக்கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் போய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும். திரும்பும்போது வில்லியனூரிலிருந்து ஊர்வரைக்கும் ஒரு ஜீப் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. முந்தவே இல்லை. நேற்று எங்கள் கரும்பில் முக்கால் காணி எரிந்துவிட்டது. பீடி நெருப்பு என்றார்கள்.

உன் இசைத்தட்டைக் கடைசியில் மாதா கோயில் பங்குச் சாமியார் வீட்டில் கேட்டேன். நீ பெரிய பாடகிதான், செலின். அந்தப் பாட்டில் நீ கத்தவே இல்லை. அதனால்தான் உட்கார முடியவில்லை எனக்கு. ஆனால் ஏழு பாட்டு உன்னுடையவை. எட்டாவது என்னுடையது. நீ கேட்டிருந்தால், பயந்து அழுதாவது ஒருநாள் கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை, தெரிவித்தாய்.

இனி எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. கடிதங்கள் பிரித்து ஒட்டி வருகின்றன.

மதலேனாள்


வில்லியனூர்
29-5-1982

அன்பு அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இதைத் தபாலில் போடவில்லை. பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

நேற்று ஊருக்குப் போனேன். உன் வீட்டில் பூட்டு. எதிரே என்னைக் கண்டவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சின்னபொண்ணுதான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தா. கையெழுத்துப் போட்டா. அங்கருந்தே புருஷன், புள்ளைங்களோட பஸ் ஏறிட்டா. எங்கன்னு எனக்கும் சொல்லல. தங்கச்சி வந்து கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லுன்னு சொல்லிட்டா" என்றாள்.

பிறகு, "போன செவ்வாக்கிழம அவன இட்டுகினு போனாங்க" என்றாள். சுப்புராயனைத்தான். அவர் ஆட்கள் அத்தனை பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு பேர் சற்றுத் தள்ளி வந்து நின்றார்கள். பஸ் வரும்வரை போகவில்லை.

எல்லா மேடையிலும் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி இறங்கிவிடுகிறேன். அக்கா, அதை நான் பாடலாமா? உன் கையால் ஒரு வார்த்தை வரும்வரை பாடமாட்டேன்.

லூசியின் கவுனையும் சாமியாரிடம் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
செலின்