லாங் ஐலண்டுக்குப் போன மசாலாப் பை

இன்று மல்லி வறுத்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் பதமாக வந்தன. வெந்தயம் மட்டும் வழக்கம்போலக் கொஞ்சம் கருகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அது கருகிக்கொண்டுதான் இருக்கிறது. "ஒன் வெந்தயம் என்னைக்குக் கருகாம வருதோ, அன்னைக்கு வீடு மாறி வந்துட்டோம்னு நான் திரும்பிப் போயிருவேன்" என்று சொல்வீர்கள். போர்ட் பிளேர் பத்துபஸ்தி வீட்டு அடுக்களையில் அந்த வாசனை ஏறியதும் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். தும்மல்தான் வந்தது. தும்மி முடித்ததும் அந்த மூன்று நாட்கள் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. அதனால்தான் பொடியை ஆற வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை லாங் ஐலண்ட் பவர் ஹவுசுக்கு மாற்றி மூன்றாவது வருடம் அது. நான் இங்கே பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மகள் மெயின்லாண்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு முறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவீர்கள். போன் ஒரு நாள் கிடைத்தால் மூன்று நாள் கிடைக்காது. நமக்கு நடுவில் தவறாமல் போய்வந்தது ஒரு துணிப்பைதான். வாரா வாரம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய், காலை போட்டில் வேலை பார்க்கும் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். இந்தத் தீவுகளில் எல்லாரும் செய்வதுதான். பைமேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக உங்கள் பெயர். உள்ளே நான் அரைத்த மீன் மசாலாப் பொடி, இட்லிப் பொடி, சில வாரம் கருவாடு. அடுத்த வாரம் காலிப் பை துவைத்து மடித்துத் திரும்பி வரும், உள்ளே நாலு தேங்காயோடு.

சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், அந்தப் பொடியை வைத்து எப்படியோ வயிற்றைக் கழுவிக்கொள்கிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு பெருமை. பொய் சொல்வானேன், நிறையவே பெருமை.

டிரான்ஸ்ஃபர் கேளுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "பாப்போம்" என்பீர்கள். உங்கள் வாயிலிருந்து "பாப்போம்" வந்தால் நடக்காது என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? உங்களுக்கு நான் இல்லாமல் இருப்பது பழகிவிட்டதோ, பிடித்தும்விட்டதோ என்று ஒரு பயம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி போர்ட் பிளேரில் வேலை பார்ப்பதால் அங்கேயே இடம் வேண்டும் என்று மனுவை நானே ஆபீசில் டைப் செய்தேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை கடைசி நாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அரசு விடுமுறையாக அமைந்தது. மனுவை மடித்துப் பையின் அடியில் வைத்து, மேலே புளியோதரையும் பொடியும் அடுக்கி, காலை போட்டில் ஏறிவிட்டேன்.

ஜெட்டியில் நீங்கள் சைக்கிளோடு நின்றீர்கள். அந்தத் தீவில் கார் கிடையாது, பஸ் கிடையாது என்று தெரியும். ஆனாலும் ஐம்பதை நெருங்கும் பெண்ணை சைக்கிள் கேரியரில் உட்காரவைக்கப் போகிறீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, "ஏறு" என்றீர்கள். நான் முடியாது என்று நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஆட்கள் உங்களைப் பார்த்து "தாதா, தாதா" என்று, அண்ணன் என்பதை வங்காளத்தில், கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு வீட்டில் இளநீர் கொடுத்தார்கள். நம் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே உங்களுக்குத் தெரியாது. இங்கே நாய்கூட வாலை ஆட்டியது.

குவார்ட்டர்சுக்குள் நுழைந்ததும் நான் அடுக்களைக்குப் போகப் பார்த்தேன். நீங்கள் குறுக்கே நின்றீர்கள்.

"நீ இரி. போட்டுல வந்த களைப்பு. நான் சமைக்கேன்."

"யாரு, நீங்களா?"

"வேற யாரு இருக்கா இங்கன?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பாறை மீனைக் கழுவி மஞ்சள் தடவினீர்கள். தேங்காய் துருவி முதல் பால் தனியாக, இரண்டாம் பால் தனியாகப் பிழிந்தீர்கள். பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, மாங்காய்த் துண்டு போட்டு, மீன் வெந்ததும் அடுப்பைத் தணித்து முதல் பாலை ஊற்றினீர்கள். திரியவில்லை. என் கை என்றால் இரண்டில் ஒரு தடவை திரியும். தூத்துக்குடியில் உங்கள் அம்மா வைக்கும் சொதி அது. அதை வைக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நாக்கு சொல்லிச்சு. பத்து தடவ கெட்டுச்சு, பதினோராவது தடவ வந்துட்டு" என்றீர்கள்.

அதற்குப் பொடி தேவையில்லை. நான் அலமாரியைப் பார்த்தேன். உப்பு, மஞ்சள், மிளகு எல்லாம் டப்பாவில் இருந்தன. நூற்றைம்பது வாரமாக நான் அனுப்பிய மசாலாப் பொடி மட்டும் எங்கேயும் இல்லை. சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று ஆசையாக முகத்தைப் பார்த்தீர்கள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மனுவை அன்றைக்கு எடுக்க மனம் வரவில்லை. இவ்வளவு நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம் போய், நீங்கள் தனியாகக் கஷ்டப்படுகிறீர்கள், வந்துவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை விடிகாலையில், இங்கே விடிகாலை என்றால் நாலரை ஐந்துதான், அங்கன்வாடி டீச்சரின் லேடீஸ் சைக்கிளோடு வந்து நின்றீர்கள். நான் ஓட்டமாட்டேன், நீங்கள் தள்ளிக்கொண்டே வரவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடம் படிக்கும்போது அண்ணன் சைக்கிளில் தூத்துக்குடி பீச் ரோடு முழுக்கச் சுற்றியவள் நான் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. பெண் பார்க்க வந்தபோது சொல்ல வேண்டாம் என்றார்கள், அப்புறம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. முதல் இருபது அடி ஆடியது. நீங்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தீர்கள்.

"பிடிக்காதீங்க. நீங்க பிடிச்சாத்தான் விழுவேன்."

விட்டீர்கள். பாக்குத் தோப்பு நடுவே போகும் சிமெண்ட் பாதையில் நான் மிதித்த மிதியில் உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் செருப்புக் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தால், தூரத்தில் மூச்சு வாங்க வருகிறீர்கள். "ஏளா, இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் உங்களை ஒரு தடவையாவது ஆச்சரியப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் உங்கள் முறை வரப்போகிறது என்று தெரியாமல்.

மத்தியானச் சாப்பாடு வெளியே என்றீர்கள். வெளியே என்றால் ஜெட்டி பக்கம் வங்காளத்துக்காரி ஒருத்தி நடத்தும் ஓட்டல்; எல்லாரும் அவளை தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். தகரக் கூரை, நாலு பெஞ்சு. நமக்குச் சோறும் மீன் குழம்பும் வந்தது. முதல் வாய் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

கருகிய வெந்தயம்.

இன்னொரு வாய் சாப்பிட்டேன். நான் மட்டும் சேர்க்கும் வறுத்த கொப்பரை இருந்தது. என் மல்லி, என் மிளகாய். வங்காளத்துக்காரி வைத்த குழம்பில் என் அடுக்களை இருந்தது. நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் இலையில் முள் தேடிக்கொண்டிருந்தீர்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவர் மாதிரி.

அதற்குள் தீதி வந்துவிட்டாள். "பாபி ஆகயி!" என்று, அண்ணி வந்தாச்சு என்று, என் கன்னத்தைத் தொட்டாள். போட் வரும் நாளில் ஜனங்கள் "பாபி கா மசாலா", அண்ணி மசாலா, என்று கேட்டே இங்கே சாப்பிட வருகிறார்கள் என்று ஹிந்தியில் பெருமையாகச் சொன்னாள். கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினாள். பைமேல் என் கையெழுத்தில் உங்கள் பெயர்.

அவளிடம் சிரித்துப் பேசினேன். வெளியே வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன். நீங்கள் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு செயினும் கடகடவென்று சத்தம் போட்டன. கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"எத்தன நாளா?"

"மொத ஆறு மாசம் எனக்குச் சமைக்கத் தெரியாதுல்லா. பொடிய தீதிட்ட குடுத்து, இதப் போட்டு வச்சுத் தாங்கன்னேன். பெறகு நானே சமைக்கப் படிச்சுட்டேன். பொடி சேந்து போச்சு. அவளுக்கே குடுத்துட்டேன்."

"அப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து அடுப்புல வெந்துக்கிட்டு..."

"சொன்னா நீ அனுப்ப மாட்டியே."

"தேவையில்லாததை எதுக்கு அனுப்பணும்?"

நீங்கள் நின்றீர்கள். சைக்கிள் ஸ்டாண்டை எத்திப் போட்டீர்கள், ஏதோ பெரிய வேலை மாதிரி.

"போன் கெடைக்காது. பை வந்தா நீ நல்லாருக்கன்னு அர்த்தம். போன மழையில ஒரு வாரம் பை வரல பாரு, ஒனக்குக் காய்ச்சல்னு பெறகுதான் தெரிஞ்சுது, அன்னைக்கு போட்டுல வந்த ஒவ்வொருத்தன் பின்னாலயும் போய் விசாரிச்சேன். பொடிக்கா ஓடுனேன்?"

அவ்வளவு நீளமாக நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று வருடம் எனக்கு நீங்கள் வேண்டியிருந்தது போலவே உங்களுக்கும் நான் வேண்டியிருந்தேன், சாப்பாட்டுக்காக இல்லாமலே. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நடுப்பாதையில் அழுதுவிட்டேன். நீங்கள் பயந்துபோய், "யாராவது பாத்துரப் போறாவ, டீச்சர் சைக்கிளு வேற" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னீர்கள்.

குவார்ட்டர்சுக்கு வந்ததும் மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். படித்தீர்கள். மறுபடி படித்தீர்கள். "பாப்போம்" என்று வருமோ என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கன சமைக்கப் படிச்சேன். அங்க வந்தா நீ என்னை அடுக்களைக்குள்ள விடமாட்ட. மறுபடியும் சேர்ல ஒக்காந்து பேப்பர் படிக்கணும். அதுக்குத்தான் தயங்குனேன்."

"இதுவா காரணம்?"

"சின்னக் காரணமா இது?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு சின்னதில்லை. நான் எப்போது உங்களை உள்ளே விட்டேன்? கரண்டியைத் தொட்டாலே, "நீங்க போங்க, கொட்டிருவீங்க" என்று விரட்டினேன். எனக்கும் அந்த ஒரு இடமாவது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அடுக்களை ஒங்களுக்கு. நான் உள்ள வரமாட்டேன்" என்றேன்.

"உப்பு கம்மின்னும் சொல்லக் கூடாது."

"அது பாப்போம்" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள்.

ஞாயிறு காலை போட்டில் நான் ஏறும்போது துவைத்த காலிப் பையைக் கையில் கொடுத்தீர்கள். உள்ளே நாலு தேங்காய், அதற்கு அடியில் மனு. எட்டு மாதத்தில் ஆர்டர் வந்தது.

அதன் பிறகு நாலு வருடம் நமக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சொதி உங்களுடையது. காலையில் இரண்டு சைக்கிளில் ஏர்போர்ட் ரோடு பக்கம் ஒரு சுற்று. மேட்டில் நான் முந்துவேன், இறக்கத்தில் நீங்கள். தீதிக்கு வாரா வாரம் பொடி போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பையில் உங்கள் பெயரே இருந்தது. போட்டில் எல்லாருக்கும் அது எங்கே போக வேண்டும் என்று தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் போய்விட்டீர்கள். நான் வறுப்பதை நிறுத்தினேன். சொதியையும் சைக்கிளையும் நிறுத்தவில்லை. முதல் பாலை ஊற்றும்போது அடுப்பைத் தணிக்கிறேன், திரிவதில்லை.

நேற்று போட் ஸ்டாஃப் ஒருவர் வீடு தேடி வந்தார். கையில் நம் பழைய பை, உள்ளே நாலு தேங்காய். தீதி கொடுத்து அனுப்பினாளாம். நீங்கள் போன செய்தி அவளுக்குப் போன வாரம்தான் தெரிந்ததாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு போட் நாளும் ஜெட்டிக்கு வந்து கேட்பாளாம்: "பை வரலையே, பாபி நல்லாயிருக்காளா?" பொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

அதனால்தான் இன்று வறுத்தேன். பொடி ஆறிவிட்டது. பையில் கட்டி வைத்துவிட்டேன். விடிந்ததும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சைக்கிளில்தான். பைமேல் உங்கள் பெயர் மங்கியிருந்தது. மார்க்கர் எடுத்து அதன்மேலேயே அழுத்தி எழுதினேன். அதற்குக் கீழே, தீதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும், நல்லாயிருக்கேன் என்று எழுதியிருக்கிறேன்.