ரேவதி மேடம் வர்றப்ப நான் இருக்க மாட்டேன்

சுகாம்மா,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. விளையாடுற பசங்களுக்கு மனநல ஆலோசனை சொல்ற ரேவதி மேடம் இன்னைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கே வராங்க. பிள்ளையார்பாளையத்துல வழி தெரியாம ஃபோன் பண்ணா எடும்மா.

போன வாரம் அவங்ககிட்ட போனப்ப நானும் கூடவே உக்காந்துக்கினு இருந்தேன். நீ ஒரு மணி நேரமும் தரையையே பார்த்துக்கினு இருந்தே. அதான் வாலாஜாபாத் போறேன். அங்க எனக்கு வேலை ஒண்ணும் இல்ல.

மாவட்டப் போட்டியில "அப்பா, கணுக்கால் வலிக்குது"ன்னே. "நடிக்காத, போய்த் தாண்டு"ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினேன். தாண்டி விழுந்தவ எழுந்துக்கவே இல்ல. அதை மேடம்கிட்ட மறைச்சிட்டேன். நீ சொல்லிடு.

கால் சரியாகி நாலு மாசம் ஆச்சுது. திரும்ப நீ ஹைஜம்ப் தாண்டுவேன்னோ, என்கூடப் பேசுவேன்னோ எனக்கு நம்பிக்கை இல்ல. அவங்ககூடயாவது பேசும்மா.

அப்பா

அம்மா வர ஆறு மணி ஆகும். அதுக்கு அப்புறம்தான் நான் வருவேன்.

இப்பதான் உன் ரூம்ல ஃபேன் போட்ட சத்தம் கேட்டுது. முழிச்சிக்கினுதான் இருக்கே. இதோ கிளம்பிட்டேன், வெளிய வந்து சாப்பிடு.