சின்னத் தளபதியின் தலை அளவு

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளி நாடகத்தில் தளபதி வேஷம் போடும் உங்கள் சின்னவளுக்குத் தலைக்கவசம் முடியப் போகிறது. குடோன் அட்டைப்பெட்டியை வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்தேன். அதைப் பார்த்து மேனேஜரே எழுந்து சல்யூட் அடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! விளிம்பை ஒட்டிக் குஞ்சம் கட்டுவதுதான் பாக்கி.

நேற்று என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் கேட்டான்: "அண்ணே, தலை அளவு யாரு குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? என் கையால அளந்தது. ரெண்டு சாண், நாலு விரல்."

"எப்ப?"

"ஊர்லேருந்து கிளம்புன அன்னைக்கு."

"மூணு வருஷமாச்சேண்ணே! பிள்ளை வளராதா?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கவசம் தலையில் ஏறாமல் அவள் மேடையில் விழிப்பதுபோலவே கண்ணுக்குள் நிற்கிறது. பசை டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை.

அவள் காதுக்கு மேலே நூல் சுற்றி, அந்த நூலையே உறையில் வைத்து உடனே அனுப்புங்கள். உச்சி முதல் பாதம் வரை அளந்து இன்னொரு நூலும் வையுங்கள். அது கவசத்துக்கு இல்லை, எனக்கு.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

தம்பி