லிந்துலை ஏற்றத்துக்கு ஒரு ரேடியேட்டர்

மார்ச் 2, சனி

ரேடியேட்டர் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டிருந்தார்கள்; ஹட்டன் ஸ்டாண்டில் போய் எடுத்து வந்தேன். முழுக்க அலுமினியம். ஒற்றைக் கையால் தூக்கலாம். பழைய செம்பு ரேடியேட்டரைத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் மகள் பாப்பா அதில் முகம் பார்த்தாள். பொண்டாட்டி நிலக்ஷி எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேரு வச்சாச்சா?" என்றாள். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் ஓரத்தில் இரண்டு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிற லான்சர் காரைப் பார்க்கிறவளுக்குக் கிண்டல் வராமல் வேறென்ன வரும்.

மார்ச் 3, ஞாயிறு

பகல் சாப்பாடு முடிந்து இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டேன். நிலக்ஷிக்கு அக்கரப்பத்தனையில் டீச்சர் வேலை கிடைத்ததிலிருந்து இதே கதைதான். வெள்ளி பின்னேரம் வருவார்கள், ஞாயிறு போவார்கள். எனக்கு டிக்கோயாவில் தேயிலை ஃபெக்டரி, எலக்ட்ரீசியன் வேலை.

கார் ஓடினால் அவளே பாப்பாவோடு தினமும் போய்வரலாம். லைசன் இருக்கிறது, என்னைவிட நிதானமாக ஓட்டுவாள். அங்கே எடுத்திருக்கிற வாடகை அறையை வைத்துக்கொள்கிறாளா விடுகிறாளா என்று வீட்டுக்கார நாகலெட்சுமி அக்காவுக்குச் சித்திரைப் புதுவருஷத்துக்குள் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு முன்பள்ளி இங்கேயா அங்கேயா என்பதும் அதோடு முடிவாகிவிடும். அங்கே சேர்த்தால் தீர்ந்தது. என் பிள்ளைக்கு நான் சனி ஞாயிறு அப்பா.

லிந்துலை தாண்டி வருகிற ஏற்றத்தில் கார் கொதிக்காமல் ஏறினால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 5, செவ்வாய்

ஒரு போல்ட் துளையும் பொருந்தவில்லை. எந்த மடையன் அளவெடுத்தான்?

மார்ச் 9, சனி

அளவெடுத்த மடையன் நான்தான். பழைய ரேடியேட்டரை அளந்தேனே தவிர, அது நின்ற இடத்தை அளக்கவில்லை. புதியது தடிமன். உள்ளே இறக்கினால் எஞ்சின் விசிறி அதன் முதுகில் உரசுகிறது.

எஞ்சின் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டேன். பதிலுக்குக் கரண்டில் ஓடுகிற விசிறி ஒன்று, ரேடியேட்டருக்கு முன்னால். சூடு ஏறினால் தானாகச் சுற்றும்படி வயர் கொடுத்தேன். அடியில் இரும்போடு அலுமினியம் உரசக் கூடாது, அதிர்ந்து அதிர்ந்து வெடித்துப்போகும். ஃபெக்டரியில் கழித்துப் போட்ட பெல்ட் துண்டை வெட்டி மெத்தை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

முன்பக்கக் கிரில்தான் இப்போது மாட்ட முடியவில்லை, விசிறி இடிக்கிறது. வெட்டிச் சரிசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் செல்லசாமி வந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, பல்லு போன கெழவன் மாதிரி நிக்குது" என்றார். கூடப் பிறந்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 14, வியாழன்

ஸ்டார்ட் ஆனது! ஒழுக்கு இல்லை. ஒரு சொட்டு இல்லை. போனில் பாப்பாவுக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "அப்பா, கார் இருமுது" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

கொட்டகலை வரை தனியாகப் போய் வந்தேன். நல்ல பனி. சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டவில்லை, விசிறி சுற்றவே வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கார் முதல்முதலாக ஏற்றம் போகிறதே என்று கோயிலில் வைத்துப் பூசை போட்டோம். தேசிக்காய் நசுக்கி, சந்தனம் வைத்து, ஐயர் பெரிய செவ்வந்தி மாலையை பொனட்டின் முன்னால் போட்டார். தொங்கிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. எனக்கே பெருமை. நிலக்ஷி முன்னால், பாப்பா அவள் மடியில். தலவாக்கலை, லிந்துலை எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது.

ஏற்றத்தில் சூடு கூடி விசிறி சுற்றத் தொடங்கியது. கிரில் இல்லாத வாய். மாலையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. படபடவென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. நாரும் பூவும் சுற்றி விசிறி இறுகி, ஃபியூஸ் போய், முள் சிவப்பில். பொனட் ஓரமாக ஆவி.

எலக்ட்ரீசியனாம் எலக்ட்ரீசியன்! மாலையைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லையே. சாமி மாலையை எப்படிக் கழற்றுவது என்று விட்டுவிட்டேன். தோட்டத்துக் கொழுந்து லொறிக்கெல்லாம் இப்படித்தானே போடுகிறோம் — அதுக்கெல்லாம் கிரில் இருக்குடா மடையா.

நிலக்ஷி பாப்பாவை இறக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். கார் ஆறும் வரை பூ பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, திங்கள்

போனில் மெதுவாகச் சொன்னாள். "கார் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இங்க எடுத்த அறைய நான் விடப்போறதில்ல."

ஒரு மாலைக்காகவா என்று கத்தினேன்.

"மாலைய விடுங்க. பாப்பாவ இருட்டுல எழுப்பி, கார்லயே தூங்க வச்சு, கார்லயே சோறு ஊட்டி... தெனமும் ரெண்டு பேர் அலையணுமா? நீங்க ஒருத்தர்தான. நீங்க இங்க வந்து இருந்துகிட்டு வேலைக்குப் போய்ட்டு வாங்களேன்."

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 27, புதன்

ரெண்டு வருஷமா கையெல்லாம் கிரீஸ். யாருக்காகப் பண்ணேன்? எனக்கா?

ஏப்ரல் 3, புதன்

கிரில்லை வெட்டி மாட்டினேன். வேலை விட்டதும், யாரிடமும் சொல்லாமல், அக்கரப்பத்தனைக்கு விட்டேன். கார் ஏறும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏறியது. விசிறி சுற்றியது, நின்றது, சுற்றியது. முள் அசையவில்லை.

போனால் பாப்பாவுக்குக் தலை கால் புரியாத சந்தோஷம். கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "அப்பா, இங்கதான் கை கழுவணும். இது என் கொக்கி. அந்தக் கதிரையில நீங்க ஒக்காருங்க, அது வர்றவங்களுக்கு." நாகலெட்சுமி அக்கா நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

வருகிறவர்களுக்கான கதிரையில் உட்கார்ந்து குடித்தேன்.

இந்தக் கார் யாரை ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேன். பொம்பளைதான் புருஷன் வீட்டுக்கு வரணும் — அது சரியா என்று நான் யோசித்ததே இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருஷம். பொங்கி முடிந்ததும் அண்ணனிடம் சொன்னேன். வீட்டுச் சாவியையும் அவரிடம் கொடுத்தேன்.

"பொண்டாட்டி இருக்கிற எடத்துக்கு நீ போறியா? லயமே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும்ணே. சிரிச்சா நல்லதுதான."

அண்ணன் மெத்தையைக் காரில் ஏற்ற ஒரு கை பிடித்தார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

வேலை விட்டு வர மழை. லிந்துலை தாண்டி ஒரே பனிமூட்டம்; மெதுவாக வந்தேன். பாப்பா இன்று முன்பள்ளியில் யாரையோ கடித்துவிட்டாளாம், நிலக்ஷி முறைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது பாப்பாதான். முதல் தடவை வந்த அன்று மாதிரிக் கூவவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. என் காலைப் பார்த்தாள்.

"சப்பாத்த வெளியில கழட்டுங்க, எத்தன தடவ சொல்றது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.