கூடுதலாக ஒரு சைபர்

நாரின்,
பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி அக்ஜோலுக்கு,

அக்கா ஜிபார்குல் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ப்ராகில் நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ விளக்க ஆரம்பித்தால் எனக்கு வாயடைத்துப்போகும், "சரிடா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் படமெடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. உன் மகள் படத்தை அம்மா தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

ஜனவரி பதினேழாம் தேதி எங்கள் கொதிகலன் நிலையம் நின்றுபோயிற்று. காலை பத்து மணிக்குக் கணினியில் அப்டேட் போட்டோம். மறுபடி தொடங்கியபோது, தொடக்கக் கோப்பில் ஏழாவது வரியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான், ஊருக்கு வெந்நீரை ஓட்டும் மூன்று பம்புகளையும் இயக்கும் நிரல் கிளம்ப வேண்டும். அது கிளம்பவே இல்லை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. எந்த வரி, ஏன் என்று நான் கண்டுபிடிக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மூன்றாம் குடியிருப்பில் தொண்ணூற்றொரு வீடுகளில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பம்புகளை எங்கள் நிலையத்து மூத்த ஆபரேட்டர் சபிர்பெக் அண்ணன் கையாலேயே சுற்றி ஓட்டினார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனதால்தான் பாதி ஊருக்காவது சூடு இருந்தது. மூன்றாவது பம்புக்குக் கைப்பிடி கிடையாது.

ஏழாவது வரி என்ன என்று கேட்கிறாயா? ஒரே நேரத்தில் எத்தனை அளவுமானிகள் கணினியோடு பேசலாம் என்ற எண். இருக்க வேண்டிய உச்சவரம்பைவிடக் கூடுதலாக ஒரு சைபர் போட்டிருக்கிறது. "கொறஞ்சுபோனாத்தான் தொல்லை, கூட இருந்தா என்னக்கா?" என்றாய் அதை எழுதும்போது. ஆமாம், நீதான். கோப்பின் தலையில் உன் பெயரும் வருடமும் இன்னும் இருக்கின்றன. கல்லூரி இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் எழுதினாய். ஒரு வரி தவறினால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று எழுதியதும் நீதான்.

பதினான்கு வருடமாக இயங்குதளம் அந்த எண்ணை வாங்கிக்கொண்டது. வாய் திறக்காமல் உச்சவரம்புக்கு வெட்டிக்கொண்டு வேலை செய்தது. இப்போது அந்த இயங்குதளத்தையே எழுதுகிற குழுவில் இருந்துகொண்டு நீ அந்த இடத்தில் காவல் போட்டாய்: வரம்பு மீறினால் பிழை, உள்ளே விடாதே. சுத்தமான வேலைதான், மறுக்கவில்லை. உங்கள் குழுவின் மாற்றப் பட்டியலில் எத்தனை பேர் உன்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

இருபதாம் தேதி உங்கள் பிழைப் பட்டியலில் ஒரு புகார் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பழைய எண்ணால் ஒரு வெப்ப நிலையம் நின்றுவிட்டது, ஏற்றுக்கொண்டு எச்சரிக்கை மட்டும் கொடுக்கக்கூடாதா என்று. அதை எழுதியது நான். ஊர் பெயர் போடவில்லை. தம்பியிடம் சலுகை கேட்டதாக ஆகக்கூடாதே என்ற வீம்பு. நாலே நிமிடத்தில் மூடிவிட்டாய். "அந்த எண் எப்போதுமே தவறானது. உங்கள் கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்." மரியாதையாகத்தான் எழுதியிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எப்போதுமே தவறு என்றால் எப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், அக்ஜோல். நீங்கள் எழுதி வைத்த விதியை எவன் படிக்கிறான்? நீங்கள் பேசாமல் வாங்கிக்கொண்டதைத்தான் எல்லாரும் நம்பினார்கள். எங்களைப்போல எத்தனை நிலையங்களில், எத்தனை ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கிறதோ, உனக்குத் தெரியுமா? பழையபடி வாங்கிக்கொள். வெட்டிக்கொள். பதிவில் கொட்டை எழுத்தில் திட்டி எழுது. நாலைந்து வருடம் திட்டிவிட்டு அப்புறம் கதவைச் சாத்து. யார் வேண்டாம் என்றது?

நகராட்சி விசாரணைக் குழு சபிர்பெக் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. கவனக்குறைவு என்று வழக்கும் போடப்போகிறார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. "ஓடிக்கிட்டிருந்ததை யாருய்யா உன்னைத் தொடச் சொன்னது?" என்று குழுத் தலைவர் கத்தினார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரும் சொல்லலீங்க, நானாத்தான் பொத்தானை அமுக்கினேன்" என்றார் அவர். நீ கோப்பு எழுதிய கோடையில் மூன்று வாரம் உனக்கு ஆட்டுக்கறிக் குர்தாக் பொரித்துப் போட்டாரே, அதே மனிதர்.

அவரை அமுக்கச் சொன்னது நான். அந்த அப்டேட்டின் மாற்றப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. "என் தம்பி செஞ்சது அண்ணே, இன்னைக்கே போட்டுடலாம்" என்றேன். "குளிர்காலம் போகட்டுமே பொண்ணு" என்றார். நான் சிரித்தேன். விசாரணை அறையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "ரெண்டு பேரு வேலை போயி என்ன ஆகப்போவுது? வீட்டுக்குப் போ" என்றார். அன்றிலிருந்து அவர் தெருப்பக்கம் போக எனக்குக் கால் எழவில்லை. உன்மேல் எவ்வளவு கோபமோ, அதைவிட அதிகம் என்மேல்.

இந்த மாதம் பதினான்காம் தேதி கடைசி விசாரணை. ஒரே ஒரு காகிதம் அனுப்பு. பதினான்கு வருடம் அந்த எண் ஏற்கப்பட்டது, இந்த வெளியீட்டில் மறுக்கப்பட்டது, பொத்தானை அழுத்தியவருக்கு அது தெரிய வழியே இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பு. கோப்பு எழுதியதும் நீதான் என்று சேர்ப்பது உன் மனசு.

எப்படியானாலும் அன்றைக்கு நான் எழுந்து நின்று என் பங்கைச் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்காகத் தினமும் கையை விரித்து ஆசி கேட்கிறாள், கேட்கட்டும். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சூடான வீட்டில் நூறு வருடம் இருங்கள். ஆனால் காகிதம் வராவிட்டால், அந்தக் கோப்பை எழுதியது யார் என்று அவர்கள் கேட்பார்கள். தொண்ணூற்றொரு வீட்டுக்காரர்கள் முன்னால் உன் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, தம்பி.

உன் அக்கா,
ஜிபார்குல்