பாஸ் பண்ணிய இரத்தம்

இஞ்சாருங்கோ,

உங்களை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம்! கொன்வென்ட்டில் படித்தவள் நான், கடிதத்தை முறையாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு உங்களோடு இன்னும் கோபம் தீரவில்லை.

வெள்ளவத்தை நீங்கள் விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. பாலத்தடியில் மணல் மூட்டைகளும், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சிப்பாய்களும். உங்கள் சாய்மனைக் கதிரையில் நான் ஒருவரையும் இருக்க விடுவதில்லை.

கொள்ளுப்பிட்டி ஆஸ்பத்திரியில், ஈரலில் கிருமி இருக்கிறதென்று உங்களுக்கு முதல்முறை இரத்தம் எடுத்த நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றிலுள்ள குழந்தையின் ஈரல் நிறையச் செய்யும் புரதம் ஒன்று பிறந்தபின் அநேகமாக நின்றுவிடும், ஈரலில் புற்று வந்தால் பலருக்கு அது மறுபடி பெருகும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உங்கள் அளவு கொஞ்சந்தான் கூட.

"ஒருக்காப் பாத்து ஒண்டும் சொல்லேலாது, மாஸ்டர். ஏறிக்கொண்டு போகுதோ எண்டதுதான் முக்கியம். மூண்டு மாசத்தால திரும்ப வாங்கோ."

நீங்களோ கணக்கு வாத்தியார். திருத்திய விடைத்தாளை இரண்டாம்முறை தொடாதவர். பாஸ் என்று சொல்லி வடை வாங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தீர்கள். "மாஸ்டர், எத்தினை மார்க்ஸ்?" என்று அவர்கள் பகிடி விட்டார்கள்.

மூன்று மாதம் கழிவதற்குள் அந்தச் சுற்றிவளைப்பு. பாலத்தில் உங்களைப் பிடித்து, பொழுதுபடும்வரை பொலிஸில் உட்கார வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு இரத்தப் பரிசோதனை என்று நான் வாய் திறந்தாலே, "பாஸ் பண்ணினவனைத் திரும்பச் சோதினை எழுதச் சொல்லுறீரோ? அந்தப் பாலத்தில நிண்டு, எங்க போறன், ஏன் போறன் எண்டு இனி ஒருத்தனுக்கும் சொல்ல மாட்டன்" என்பீர்கள்.

"பயமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெக்கம்."

அதோடு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். உங்கள் கண் மஞ்சளித்த பிறகுதான் போனோம். அளவு எங்கேயோ ஏறியிருந்தது. டொக்டர் தாளை மேசையில் குப்புற வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நேரத்தோடு கண்டிருந்தால் சிறிதாய் இருக்கும்போதே வெட்டியிருக்கலாமாம். கண்டிருந்தாலும் காப்பாற்ற முடியாமல் போயிருக்கலாமாம். எதை நம்பிக்கொண்டு நான் தூங்குவது?

இதை எழுதக் காரணம் உங்கள் மகன். உங்கள் ஈரலைக் கெடுத்த கிருமி ஆனந்தனுக்கும் இருக்கிறது. முதல்முறை பார்த்ததில் புரதம் அளவாகத்தான் இருந்தது. அடுத்த தவணை வந்துவிட்டது.

"போனமுறை நோர்மல்தானே, அம்மா. ஏன் இந்தக் கரைச்சல்?" குரல்கூட உங்களுடையதுதான்.

"உன்ர அப்பாவும் பாஸ் பண்ணின ஆள்தான்."

"செக்பொயின்ட்ல மறிச்சு வைச்சிருப்பாங்கள். ஆக்களுக்கு முன்னால..."

"அப்ப நானும் வாறன். கிழவியோட வாறவனை என்ன கேக்கப் போறாங்கள்? கேட்டால் நான் இங்கிலீசில பதில் சொல்லுவன்."

"ஐயோ, அவங்கள் பாவம்," என்று சிரித்தான். ஆனால் "ஓம்" என்று சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். பாலத்தில் எங்கே, ஏன் என்று கேட்டால் நானே சொல்வேன், எனக்கு வெட்கமில்லை. அடுத்த தவணைக்கும், அதற்கடுத்ததற்கும், என் கால் நடக்கும்வரை போவேன். என் வயிற்றில் இருந்தபோது அவன் ஈரல் அந்தப் புரதத்தைச் செய்தது. மறுபடி செய்கிறதா என்று முதலில் அறிய வேண்டியவள் நான்தான்.

இந்தமுறை விடமாட்டேன்.

உங்கள் மனைவி,
ஆனந்தனைச் சுமந்தவள்